இதயத்தின் தாளமும் காந்தப் படமும்

அசையாத பொருளைப் படம் பிடித்தல் எளிது. மலையும் கோபுரமும் படப்பெட்டியின் முன் பொறுமையோடு நிற்கும். ஓடும் கன்றையும் பறக்கும் கொக்கையும் தெளிவாகப் பிடிக்க வேண்டுமாயின், விநாடியின் மிகச் சிறிய பங்குக்குள் படப்பெட்டியின் கண்ணைத் திறந்து மூடிவிட வேண்டும். அவ்வளவு விரைவாகக் கண்ணை மூடமாட்டாத ஒரு கருவியைக் கொண்டு, ஒரு கணமும் ஓயாத ஒரு பொருளைப் படம் பிடிக்க நேர்ந்தால் என்ன செய்வது? மனித இதயத்தைக் காந்தப் படம் எடுக்க முனைவோரின் முன் நிற்கும் வினா இதுவே.

நலமுள்ள ஒருவரின் இதயம், ஓய்ந்திருக்கும் வேளையில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கிறது. ஒரு நாளில் அது ஓர் இலட்சம் தடவைக்கு மேல் சுருங்கி விரிகிறது. ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் காலம் ஒரு விநாடிக்கும் குறைவு. அதற்குள் இதயம் சுருங்குகிறது, முறுகுகிறது, குருதியை வெளியே தள்ளுகிறது, மீண்டும் தளர்ந்து நிரம்புகிறது. நிரம்பும் வேளையில் மட்டும் சிறிது நேரம் ஏறக்குறைய அமைதியாய் இருக்கிறது. அந்தச் சிறிய அமைதியைக் கண்டறிந்து, அது வரும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் பயன்படுத்திக் கொள்வதிலேயே இதயப் படக்கலையின் வெற்றி தங்கியுள்ளது.

காந்தப் பரிவுப் படம் என்பது யாது? எம்.ஆர்.ஐ. என்ற பெயரால் இன்று பலரும் அறிந்துள்ள இம்முறைக்கு வித்திட்டவர்களுள் போல் லோட்டர்பர், பீற்றர் மான்ஸ்பீல்டு ஆகிய இருவருக்கும் 2003ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நோயாளி ஒரு பெரிய காந்தத்தின் நடுவேயுள்ள குழாயினுள் படுக்க வைக்கப்படுகிறார். வைத்தியசாலைகளில் பரவலாகப் பயன்படும் காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லா. இது பூமியின் காந்த வலிமையைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு ஆகும். உடலிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கள் அக்காந்தத்தில் தம்மை ஒழுங்குபடுத்திக் கொள்கின்றன. பின்னர் வானொலி அலையொன்றை அவற்றின்மீது செலுத்தினால், அவை அதனை ஏற்றுச் சிறிது நேரத்தில் தாமும் மெல்லிய அலையொன்றைத் திருப்பி அனுப்புகின்றன. அந்த எதிரொலியிலிருந்தே படம் உருவாகிறது.

வானொலி நேயர்களுக்கு இஃது ஓர் அயலான செய்தியன்று. 1.5 டெஸ்லாக் காந்தத்தினுள் ஐதரசன் அணு ஏற்கும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். பண்பலை வானொலி 88 மெகாஹெர்ட்ஸ் அளவில் தொடங்குகிறது. திருகோணமலையில் 1984 முதல் 2013 வரை இயங்கிய ஜெர்மானிய வானொலியின் அஞ்சல் நிலையம் ஒலிபரப்பிய சிற்றலைகளோ 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டவை. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் ஓர் அலையே மனித உடலின் உள்ளே சென்று செய்தி கொண்டு வருகிறது. வைத்தியசாலையின் காந்த அறை, ஒரு வகையில், மனிதனையே ஒலிபரப்பு நிலையமாக்கி, அவனை உற்றுக் கேட்கும் அறையாகும்.

ஆயினும் இவ்வானொலி மெதுவாகப் பேசுகிறது. ஒரு படத்துக்கு வேண்டிய செய்தி முழுவதும் ஒரே எதிரொலியில் வந்துவிடுவதில்லை. பன்பாய் இழைக்கும் பெண் ஒவ்வொரு பன்னாக எடுத்துக் கோத்து, பல பன்கள் கூடிய பிறகே பாயின் கோலம் தோன்றுவது போல, காந்தப் படமும் வரி வரியாகவே சேர்க்கப்படுகிறது. ஒரு துடிப்பில் சில வரிகள், அடுத்த துடிப்பில் மேலும் சில என்று, பத்துப் பன்னிரண்டு துடிப்புகளுக்குமேல் கடந்த பின்னரே ஒரு படம் நிறைவுறும். எல்லா வரிகளும் இதயம் ஒரே நிலையில் இருந்தபோது எடுக்கப்பட்டவையாய் இருத்தல் வேண்டும். ஒரு வரி சுருங்கிய இதயத்திலிருந்தும் மற்றொரு வரி விரிந்த இதயத்திலிருந்தும் வந்தால், கோலம் குழம்பிய பாய் போலப் படம் மங்கிப்போகும்.

இசையரங்கில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. பல்லவியின் எடுப்பு சமத்தில் இருக்கலாம். சமத்திலிருந்து அரை இடம் தள்ளியும் இருக்கலாம். எங்கிருந்தாலும் ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் அதே இடத்தில் அது வந்து விழ வேண்டும். பாடகர் தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டே பாடுவது இதற்காகத்தான். காந்தக் கருவிக்கும் யாரேனும் தாளம் போட்டுக் காட்ட வேண்டும். அந்தத் தாளத்தை நோயாளியின் இதயமே போடுகிறது. அதனைக் கருவியின் காதுக்கு எட்டச் செய்யும் வழிகள் பல. அவற்றுள் எது நன்று என்பதே இன்று ஆராயப்படும் பொருள்.

இவ்வாராய்ச்சி அறிஞருக்கு மட்டும் உரியது என்று எவரும் எண்ணுதல் வேண்டா. கொட்டியாரக் குடாவின் தென்பால், மூதூரை அடுத்துள்ள கட்டைபறிச்சான் போன்ற கிராமங்களின் வாழ்வோடும் இது தொடர்புடையது. அத்தொடர்பை விளங்கிக்கொள்ள, தலசீமியா என்ற நோயைப்பற்றிச் சிறிது கூறல் வேண்டும்.

இலங்கையின் உலர் வலயம் நெடுங்காலம் மலேரியாவின் பிடியில் இருந்தது. 1934ஆம் ஆண்டின் இறுதியிலும் 1935இலும் பரவிய மலேரியா இலங்கைத் தீவின் பெரும் பகுதியை வாட்டியது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. கொசு கொண்டுவந்த நோய் போயிற்று. அதன் நிழலொன்று குருதியிலேயே தங்கிவிட்டது. செங்குருதி அணுவில் சிறு குறைபாடு உடையவர்களை மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை. ஆகவே மலேரியா மிகுந்த நாடுகளில் அக்குறைபாட்டைத் தாங்கியோர் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்தனர். இலங்கைப் பாடசாலை மாணவரிடையே செய்யப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு இருவர் அளவில் பீற்றா தலசீமியாக் குறைபாட்டைத் தாங்குவோர் என்று காட்டியது.

தாங்குவோருக்குத் தீங்கில்லை. அவர் உழைக்கலாம், விளையாடலாம். தம் குருதியில் இப்படியொன்று இருப்பதை அறியாமலே முதுமையும் அடையலாம். ஆனால் தாயும் தந்தையும் இருவருமே தாங்குவோராயின், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தை முழு நோயோடு பிறப்பதற்கு உண்டு. நோய் கடுமையாயின் அக்குழந்தைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிறருடைய குருதியை ஏற்ற வேண்டும். குருணாகலில் இந்நோய்க்கென்று ஒரு தேசிய நிலையம் இயங்கி வருகிறது. ஒக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சேர் டேவிட் வெதரோல் இலங்கை வைத்தியரோடு சேர்ந்து தம் ஆய்வுகளை அங்கே நடத்தினார்.

ஏற்றும் குருதி உயிரைக் காக்கிறது; அதே குருதி மற்றோர் ஆபத்தையும் உடன் கொண்டுவருகிறது. ஒரு பொதி குருதியில் 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பு உண்டு. உணவிலிருந்து உடல் நாளொன்றுக்கு ஏற்கும் இரும்போ ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான். மிகுந்த இரும்பை வெளியே தள்ளும் வாயில் எதனையும் இயற்கை மனித உடலில் அமைக்கவில்லை. எனவே அது ஈரலிலும் சுரப்பிகளிலும், இறுதியில் இதயத் தசையிலும் படிகிறது. குருதி ஏற்றிக்கொண்டு வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள், வாலிபப் பருவத்தில், இதயம் தளர்ந்து மாண்டனர். இரும்பைக் கட்டிச் சிறுநீர் வழியாகவும் மலத்தின் வழியாகவும் வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அவற்றை எவ்வளவு கொடுப்பது, எப்போது கூட்டுவது என்பதை அறிய, இதயத்திலுள்ள இரும்பின் அளவை அறிய வேண்டும். குருதிப் பரிசோதனையும் ஈரலின் அளவும் இதற்குப் போதிய சான்றாகா. ஈரலில் இரும்பு குறைந்தும் இதயத்தில் அது நிறைந்தும் இருக்கக்கூடும்.

இங்கேதான் காந்தப் படம் கைகொடுக்கிறது. இரும்பு, தன்னைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தைச் சிறிது குலைக்கும் இயல்புடையது. ஆகவே இரும்பு படிந்த தசையிலிருந்து வரும் எதிரொலி விரைவில் தேய்ந்து போகும். அத்தேய்வின் கால அளவை டீ-டூ-ஸ்டார் என்று வழங்குவர். இலண்டனிலுள்ள ரோயல் புரொம்டன் வைத்தியசாலையின் அறிஞர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. 1.5 டெஸ்லாக் காந்தத்தில் இவ்வளவு 20 மில்லிவிநாடிக்குக் குறைந்தால் இதயத்தில் இரும்பு சேரத் தொடங்கிவிட்டது என்று பொருள். 10 மில்லிவிநாடிக்கும் குறைந்தால் இதயத் தளர்ச்சி நெருங்கிவிட்டது என்ற எச்சரிக்கை. பிரித்தானியாவில், இரும்புச் சுமையால் தலசீமியா நோயாளரிடையே நேர்ந்த மரண வீதம், 1980 முதல் 1999 வரையிலான காலத்தோடு ஒப்பிட, 2000 முதல் 2003 வரையிலான காலத்தில் 71 விழுக்காடு குறைந்தது. சிகிச்சை முன்னேறியதும் இதயத்தின் இரும்பைக் காலத்தோடு கண்டறிந்ததும் இதற்குக் காரணங்கள்.

இனி, ஒரு கணக்கைக் கருதுக. 20 என்பதும் 10 என்பதும் மில்லிவிநாடிகள். அவற்றுக்கு இடையே ஒரு பிள்ளையின் எதிர்காலம் நிற்கிறது. இதய அறைகளைப் பிரிக்கும் தசைச் சுவரின் ஒரு சிறு பகுதியிலிருந்தே அளவு எடுக்கப்படுகிறது. அச்சுவர் படத்தில் மங்கி, அருகிலுள்ள குருதியோடு கலந்து தோன்றினால், அளவும் பிழைபடும். இன்னுமொன்று: குருதிச் சோகை உள்ளவர்களின் இதயம் விரைந்து துடிக்கும். நிமிடத்துக்கு 100 துடிப்பானால் ஒரு துடிப்புக்கு 0.6 விநாடியே கிடைக்கும். துடிப்பு விரையும்போது பெரிதும் குறுகுவது, இதயம் அமைதியாய் நிரம்பும் அந்த இடைவேளையே. எனவே தாளத்தைத் திருத்தமாகக் கேட்டல் இப்பிள்ளைகளின் விடயத்தில் இருமடங்கு இன்றியமையாதது ஆகிறது.

தாளத்தைக் கேட்கும் வழிகளுள் முதன்மையானது மின் வழி. இதயம் சுருங்குமுன் ஒரு மெல்லிய மின்னலை அதன் தசையெங்கும் பரவுகிறது. அதனைத் திருத்தமாக வரைந்து காட்டும் கருவியை அமைத்தவர் வில்லம் ஐந்தோவன். இவர் 1860ஆம் ஆண்டில் யாவாத் தீவின் செமாராங் நகரிற் பிறந்த ஒல்லாந்தர். லெய்டன் நகரில் அவர் அமைத்த கருவி, வலிய மின்காந்தம் ஒன்றின் முனைகளுக்கிடையே நுண்ணிய இழையொன்றைத் தொங்கவிட்டு, அதன் அசைவைப் பதிவு செய்தது. நோயாளி உப்புநீர்ச் சாடிகளில் கைகளையும் காலையும் தோய்த்து இருப்பார். இக்கருவிக்காக 1924ஆம் ஆண்டில் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மின் வரைபில் தோன்றும் அலைகளுக்குப் பீ, கியூ, ஆர், எஸ், டீ என அவர் இட்ட பெயர்களே இன்றும் வழங்குகின்றன.

இவற்றுள் ஆர் என்பது ஊசி போல் உயர்ந்து நிற்கும் முகடு. இதயத்தின் கீழறைகள் சுருங்கப் போகின்றன என்பதற்கு அது கட்டியம். அது கூர்மையாய் இருப்பதால், அது தோன்றிய கணத்தை விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகளுக்குள் குறித்துவிடலாம். மார்பில் ஒட்டிய மின்வாய்கள் அம்முகட்டைக் கருவிக்கு அறிவிக்க, அந்தக் கணத்திலிருந்து எண்ணிக் கருவி படத்தை எடுக்கிறது. வேறெந்த வழிக்கும் இவ்வளவு கூர்மை இல்லை. இதனாலேயே இதயப் படத்துக்கு மின் வழியையே உலகெங்கும் முதலில் நாடுகின்றனர்.

ஆனால் காந்தம் ஐந்தோவனுக்கு நண்பனாயிருந்தது போல் இங்கு நண்பனாய் இருப்பதில்லை. காந்தப் புலத்தினூடே ஓடும் உப்பு நீரில் மின்னழுத்தம் தோன்றும் என்பது இயற்கை விதி. மைக்கேல் பரடே 1832ஆம் ஆண்டில், இலண்டனின் வாட்டர்லூப் பாலத்திலிருந்து செப்புக் கம்பிகளைத் தேம்ஸ் நதியில் இறக்கி, பூமியின் காந்தத்தினூடே ஓடும் அந்நதி மின்னழுத்தம் தருகின்றதா என்று அளக்க முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை, பூமியின் காந்தம் மிக மெல்லியது. ஆனால் வைத்தியசாலைக் காந்தமோ வலியது. மனிதனின் பெருநாடியில் ஓடும் குருதியோ உப்பு நிறைந்த நீர். பரடே தேம்ஸ் நதியில் தேடியது, இன்று ஒவ்வொரு நோயாளியின் மார்பிலும் வேண்டாத விருந்தாளியாய் வந்து நிற்கிறது.

குருதி பெருநாடிக்குள் பாயும் நேரமும், மின் வரைபில் டீ அலை தோன்றும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே குருதியோட்டத்தால் எழும் மின்னழுத்தம் டீ அலையின்மேல் ஏறி அமர்ந்து, அதனை ஆர் முகடு போல் உயர்த்திவிடுகிறது. கருவி ஏமாந்து, டீ அலையை ஆர் என்று கொண்டால், எடுப்பு தவறிவிடும். ஒரே துடிப்பை இரண்டென எண்ணுதலும் நேரும். காந்தம் வலிமை பெறப் பெற இத்தொல்லையும் பெருகுகிறது. ஆய்வுக்கூடங்களில் பயன்படும் 7 டெஸ்லாக் காந்தத்தில் மின் வழி சில வேளைகளில் பயனற்றே போகிறது. இதனோடு, படம் எடுக்கக் கருவி அனுப்பும் வானொலி அலைகளும், விரைந்து மாறும் துணைக் காந்தங்களும் மின்வாய்க் கம்பிகளில் இரைச்சலை உண்டாக்குகின்றன. கம்பி வளையமாகச் சுருண்டு கிடந்தால் தோலைச் சுடவும் கூடும்.

இக்குறையைப் போக்க 1999ஆம் ஆண்டில் ஒரு நுட்பம் வெளியிடப்பட்டது. அலையின் உயரத்தை மட்டும் பாராமல், அம்மின்னோட்டம் உடலில் எத்திசை நோக்கி நிற்கிறது என்பதையும் அது பார்க்கிறது. பண்டு இரவில் கொட்டியாரக் குடாவை நோக்கி வந்த மாலுமி, பவுல் முனையின் வெளிச்சவீட்டையும் வட்டத் தீவின் வெளிச்சவீட்டையும் ஒளியின் அளவால் மட்டும் பிரித்தறிந்திரான். எத்திசையில் நிற்கின்றது என்பதாலும் அறிந்திருப்பான். அது போலவே ஆர் முகட்டின் திசை வேறு, குருதியோட்டம் எழுப்பும் மின்னழுத்தத்தின் திசை வேறு. திசையைக் கொண்டு இரண்டையும் பிரிக்கும் இம்முறை, 1.5 டெஸ்லா, 3 டெஸ்லாக் கருவிகளில் மின் வழியை நம்பத்தக்கதாக்கியது.

இரண்டாவது வழி நாடி வழி. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், சிலேத்துமம் எனப் பகுத்துணர்ந்த சித்த வைத்தியரின் மரபை அறிந்தோருக்கு இதன் அடிப்படை புதிதன்று. விரல் நுனியில் ஒரு சிறு கவ்வி மாட்டப்படுகிறது. அதனுள்ளிருந்து வரும் ஒளி விரலை ஊடுருவுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் விரலுக்குள் குருதி நிறையும்போது ஒளி சிறிது குறைகிறது. குருதியிலுள்ள ஒட்சிசனை அளக்கும் கருவிக்கு இந்த ஏற்ற இறக்கத்தையே அடிப்படையாக்கியவர் ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அவோயாகி. அவர் அதனை வெளிப்படுத்திய ஆண்டு 1974. கொரோனாத் தொற்றுக் காலத்தில் அக்கவ்வி பல வீடுகளுக்கும் அறிமுகமாயிற்று.

ஒளியைக் காந்தம் கெடுப்பதில்லை; மார்பைத் திறக்கவும் வேண்டியதில்லை. இவை நாடி வழியின் நன்மைகள். ஆனால் இதயத்திலிருந்து புறப்பட்ட அலை விரல் நுனியை அடைய ஏறத்தாழ விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை செல்கிறது. செய்தி வந்து சேரும்போது இதயம் சுருக்கத்தில் பாதி வழி சென்றுவிட்டது. காலதாமதம் எப்போதும் ஒரே அளவாயின் அதற்கேற்ப எண்ணிக்கொள்ளலாம். அதுவோ குருதியழுத்தத்துக்கும் நாடியின் இறுக்கத்துக்கும் ஏற்ப மாறுகிறது. மேலும் விரலில் எழும் அலை, ஆர் முகடு போல் ஊசியன்று. வயல் வரம்பு போல் மழுங்கிய மேடு. அதன் உச்சி எங்கே என்று துணிவது கடினம். படக்கூடத்தின் குளிரில் விரல் சில்லிட்டுவிட்டால் மேடும் மறைந்துபோகும். மூளையைச் சுற்றியுள்ள நீரின் ஓட்டத்தைப் படமெடுத்தல் போன்றவற்றுக்கு இவ்வழி நன்கு உதவும். இதயத்தின் இரும்பை அளக்கும்போது ஆர் முகட்டை ஒட்டியே படமெடுக்கும் முறைக்கு இது பொருந்தாது.

மூன்றாவது வழி ஒலி வழி. 1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகர வைத்தியர் லெனெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். இதயத்தின் ஒலி தெளிவாகக் கேட்டது. அக்குழலே பின்னர் வைத்தியரின் கழுத்திற் தொங்கும் கருவியாயிற்று. இதயத்தின் இரண்டு ஒலிகளுள் முதலாவது, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையேயுள்ள வால்வுகள் மூடும்போது எழுவது. ஆர் முகட்டுக்குச் சற்றுப் பின்னே அது கேட்கும். 2008ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர் சிலர் இவ்வொலியையே தொடக்கக் குறியாக்கினர். மார்பில் வைத்த சிறு ஏற்பியிலிருந்து ஒலி ஒரு நீண்ட குழாய் வழியே காந்தத்துக்கு வெளியே கொண்டுவரப்பட்டது. ஒலி, காந்தத்தை அறியாது. 7 டெஸ்லாவிலும் அது ஒலியாகவே இருக்கும்.

காந்தக் கருவி எழுப்பும் பேரோசையைக் கேட்டோர், அதன் நடுவில் இதயத்தின் மெல்லொலியை எவ்வாறு பிரிப்பது என்று ஐயுறலாம். ஓசைகளின் அதிர்வெண் வேறுபடுவதால் வடிகட்டிப் பிரிக்க இயலும். ஆயினும் வால்வு பழுதுற்ற இதயத்தில் முதல் ஒலி மெலிந்தோ, முணுமுணுப்பில் மறைந்தோ போகக்கூடும். எனவே வலிய காந்தத்தில் ஒலி வழி மின் வழியை வெல்கிறது. எல்லா நோயாளரிடத்தும் அவ்வாறு வெல்லும் என்று சொல்வதற்கில்லை.

நான்காவது வழி விசித்திரமானது. தாளத்தைச் சொல்லப் பிறிதொரு கருவியே வேண்டா, படத்தின் எதிரொலியிலேயே தாளம் அடங்கியுள்ளது என்பது அதன் கொள்கை. இதயம் நிறையும்போதும் வெறுமையாகும்போதும், அவ்விடத்திலிருந்து வரும் எதிரொலியின் மொத்த அளவு சிறிது மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டே துடிப்பை அறியலாம் என்று 2004ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். இம்முறையில் வரிகளை முன்கூட்டி ஒழுங்குபடுத்துவதில்லை. கதிர் முழுவதையும் அறுத்துக் களத்திற் குவித்துவிட்டு, பின்னர் தூற்றி மணியையும் பதரையும் பிரிக்கும் உழவனைப் போல, எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, பின்னர் கணிப்பொறி அவற்றை உரிய இடங்களிற் பிரித்து வைக்கிறது. மின்வாய் ஒட்ட இயலாத மார்புக்கும், கைக்குழந்தைக்கும் இஃது உதவும். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் குறித்த கணத்தில் ஒன்றைச் செய்தே ஆகவேண்டிய படங்களுக்கு, பின்னர் பிரித்தல் பயன்படாது.

கருவிலுள்ள சிசுவின் இதயத்தைப் படமெடுக்கும் ஆய்வு இந்நான்கின் எல்லையையும் காட்டுகிறது. தாயின் மின் வரைபு தாயின் இதயத்தையே கூறும். சிசுவின் விரலில் கவ்வி மாட்டவும் இயலாது. ஜெர்மனியின் ஹம்பர்க் நகர ஆய்வாளர், காந்தத்தினுள் பயன்படுத்தத்தக்க கேளா ஒலிக் கருவியொன்றைத் தாயின் வயிற்றில் வைத்து, சிசுவின் துடிப்பைத் தொடக்கக் குறியாக்கி 2018ஆம் ஆண்டளவில் வெற்றி கண்டனர்.

இவற்றை ஒப்பிட்டு நோக்கும்போது தெளிவாவது யாது? கூர்மையில் மின் வழி தலைசிறந்தது. காந்தத்துக்கு அஞ்சுவதில் அதுவே மிகப் பலவீனமானது. நாடி வழி எளிது, ஆனால் தாமதமும் மழுங்கலும் உடையது. ஒலி வழி காந்தத்துக்கு அஞ்சாது. பழுதுற்ற வால்வுக்கு அஞ்சும். தன் தாளத்தைத் தானே அறியும் வழி சுமையற்றது. காலமும் கணக்கும் மிகுதியாக வேண்டுவது. துடிப்பே ஒழுங்கிழந்த இதயத்தில், அடுத்த சமம் எப்போது வரும் என்று பாடகருக்கே தெரியாதது போல, எல்லா வழிகளும் இடர்ப்படும். இரும்பு மிகப் படிந்த இதயம் தாளம் தவறுவதும் உண்டு. அத்தகையோரிடம் தவறிய துடிப்புகளைத் தள்ளிவிட்டும், தெளிவு சிறிது குறைந்தாலும் விரைவாக எடுக்கும் முறைகளை நாடியும் வைத்தியர் சமாளிக்கின்றனர். ஆகவே எது சிறந்த வழி என்ற வினாவுக்கு, யாருடைய இதயம், எத்தகைய காந்தம், எதனை அறிய வேண்டும் என்ற மூன்றையும் கேட்ட பின்னரே விடை கூறலாம். தலசீமியாப் பிள்ளைக்கு, 1.5 டெஸ்லாக் காந்தத்தில், இரும்பின் அளவை அறிய, விடை மின் வழியே.

அப்படியாயின் அம்மின் வழி சரியாக நடப்பது எதனால்? விலையுயர்ந்த கருவியால் மட்டுமன்று. மார்பின் தோலைத் துடைத்துத் தூய்மை செய்து, மின்வாய்களை உரிய இடங்களில் ஒட்டி, கம்பிகளைச் சுருளாமல் நேராக்கி, வரைபில் ஆர் முகடு நன்றாக எழுந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே பிள்ளையைக் குழாயினுள் அனுப்பும் பணியாளரின் கையிலேயே பாதி வெற்றி தங்கியுள்ளது. அதற்குச் செல்லும் நேரம் சில நிமிடங்கள். அதனைச் சுருக்கினால் படம் குழம்பும். குழம்பிய படம் மீண்டும் எடுக்கப்பட வேண்டும்.

மீண்டும் என்ற சொல் நகரத்தில் இருப்போருக்குச் சிறிது. கட்டைபறிச்சானில் இருப்போருக்குப் பெரிது. 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, மூதூர்ப் பகுதி மக்கள் தரைவழியே திருகோணமலைக்குச் செல்லக் கிண்ணியாத் துறையில் பாதைக்காகக் காத்திருந்தனர். இன்று பாலம் உண்டு. ஆயினும் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை கடந்து குருணாகலுக்கோ, அதற்கப்பால் கொழும்புக்கோ நோயுற்ற பிள்ளையோடு செல்லும் வழி நெடிது. வயல் வேலையையோ வலையையோ விட்டு, பணம் புரட்டி, ஒரு நாளை இழந்து வரும் தாய் தந்தையருக்கு, படம் தெளிவாக அமையவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்ற சொல் இலேசானதன்று. வாராமலே இருந்துவிடுவோரும் இருப்பர். அவர்களுடைய பிள்ளைகளின் இரும்பு அளக்கப்படாமலே வளரும்.

பெற்றோர் செய்யத்தக்கனவும் சில உண்டு. பரிசோதனை நாளன்று பிள்ளையின் மார்பில் எண்ணெயோ, தைலமோ, பூச்சு மாவோ பூசாதிருத்தல் வேண்டும்; அவை இருந்தால் மின்வாய் ஒட்டாது. அரைஞாண், தாயத்து, காப்பு, தோடு முதலிய உலோகப் பொருள்களை முன்னரே கழற்றிவிட வேண்டும். உடலினுள் உலோகமோ கருவியோ பொருத்தப்பட்டிருந்தால் அதனை மறவாமல் சொல்ல வேண்டும். இதயத்தின் இரும்பை அளக்கும் படம், மூச்சை அடக்கியிருக்கும் பதினைந்து விநாடி அளவில் எடுக்கப்படுவது. ஆகவே சில நாள்களுக்கு முன்னரே, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு மூச்சடக்கும் விளையாட்டைப் பிள்ளையோடு ஆடிப் பழக்கலாம். கருவி பேரோசை எழுப்பும், ஆனால் நோகாது என்பதையும் முன்னரே சொல்லிவைக்கலாம். அஞ்சாத பிள்ளையின் இதயம் நிதானமாகத் துடிக்கும். நிதானமான துடிப்பில் அமைதியான இடைவேளையும் நீளும். தாய் கொடுக்கும் தைரியம் இவ்வாறு படத்தின் தெளிவிலும் சென்று சேர்கிறது.

இவை யாவும் நோய் வந்தபின் செய்வன. வருமுன் செய்வதும் ஒன்றுண்டு. தாம் தாங்குவோரா அல்லரா என்பதை ஓர் எளிய குருதிப் பரிசோதனையால் எவரும் அறிந்துகொள்ளலாம். திருமணம் பேசுமுன் சாதகக் குறிப்பைப் பார்ப்போர், இந்தக் குறிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் நன்று. அதற்குக் காந்தமும் வேண்டா, கணிப்பொறியும் வேண்டா. ஒரு கரண்டிக்கும் குறைந்த குருதி போதும்.